ஒண்ணு புள்ளி ஆறு நைட்ரேட்

எனக்கு நம்பரைக் கண்டா பயம். சிரிக்காதீங்க கண்ணுகளா. ஆயுசு பூரா தண்ணி பரிசோதனை லேப்லயே ஓட்டிட்டு ரிடையர் ஆன ஒருத்தி இப்படிச் சொன்னா சிரிப்புத்தான் வரும். ஆனா நான் சொல்றது நல்ல நம்பரை. 'இது கெட்ட தண்ணி'ன்னு ஒரு நம்பர் வந்துச்சுன்னா எல்லாரும் ரெண்டாந்தடவை டெஸ்ட் பண்ணிப் பார்ப்பாங்க. 'நல்ல தண்ணி'ன்னு வந்துச்சுன்னா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. கையெழுத்தைப் போட்டு அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. அந்த டீ எனக்கு ஒரு நாளும் நிம்மதியா இறங்கினதில்ல.

உங்க ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்தைச் சொல்லுங்கன்னாரு. எந்த பியூரெட்டை எப்படிப் பிடிக்கணும்னெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அதுக்குப் புஸ்தகம் இருக்குது, இப்ப மெசினும் வந்திருச்சு. ஏற்காட்டுல ஒரு சனிக்கிழமை நான் பட்ட பாட்டை மட்டும் சொல்றேன். ஒரு கைக்குழந்தையோட உசுரு சம்பந்தப்பட்டது. நடுவுல எந்திரிச்சு போன் பேசப் போறவங்க இப்பவே போயிருங்க.

அதுக்கு முந்தி ஒரு சின்ன விசயம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் என் வாயால கேளுங்க. தண்ணியில கால்சியம், மக்னீசியம், குளோரைடு, நைட்ரேட்டுன்னு என்னென்னவோ கரைஞ்சு கிடக்குது. ஒவ்வொண்ணுக்கும் எடை வேற, பலம் வேற. ரசத்துக்குக் கொஞ்சம் புளி, ரெண்டு தக்காளி, அரை மூடி எலுமிச்சம்பழம் போடறீங்கன்னு வெச்சுக்கங்க. மூணையும் தராசுல போட்டு மொத்த எடையைச் சொன்னா ரசம் எவ்வளவு புளிக்கும்னு தெரியுமா? தெரியாது. தக்காளியோட புளிப்பு எவ்வளவு புளிக்குச் சமம், எலுமிச்சை எவ்வளவுக்குச் சமம்னு எல்லாத்தையும் புளிக்கணக்குக்கு மாத்திட்டுத்தான் கூட்டணும். நம்ம தொழில்லயும் அதேதான். பாய்லர்க்காரங்க எல்லாத்தையும் கால்சியம் கார்பனேட் கணக்குக்கு மாத்தி எழுதுவாங்க. மண்ணு பார்க்கிற விவசாய லேப்காரங்க மில்லி ஈக்விவலண்ட்னு எழுதுவாங்க. குடிதண்ணி பார்க்கிற நாம ஒவ்வொண்ணையும் அதோட சொந்த எடையில, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு எழுதுவோம். மூணுமே சரிதான். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தன்னோட கணக்குன்னு நினைச்சுப் படிச்சாத்தான் வம்பு.

எண்பதுகள்ல ஏற்காட்டுல நம்ம துறைக்கு ரெண்டே ரூம்ல ஒரு குட்டி லேப் இருந்துச்சு. எனக்குக் கல்யாணமாகி வருசங்கூட ஆகல, அங்க தூக்கிப் போட்டாங்க. கெமிஸ்ட்டுன்னா நான் ஒருத்திதான். அந்த வருசம் கோடை மழை ஏமாத்திருச்சு. ஓடையெல்லாம் வத்திப்போயி, ஆளாளுக்குப் பழைய கிணத்தைத் தூர் வாரி, குடிக்கலாமுங்களான்னு பாட்டில் பாட்டிலா என் மேசை மேல வெச்சுட்டுப் போவாங்க.

அன்னைக்கு மத்தியானம் பிளீச்சிங் பவுடர் வாங்க ரெஜினா சிஸ்டர் வந்தாங்க. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டு டிஸ்பென்சரியில நர்ஸு. நொம்பக் கண்டிப்பான பொம்பளை. எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற வரிசை ஊடுகளை லைன்னு சொல்லுவாங்க. சிஸ்டர் லைனுக்கு வர்றாங்கன்னா பொம்பளைங்க அவசர அவசரமா வாசல் கூட்டுவாங்களாம். அப்பேர்ப்பட்டவங்க பவுடரை வாங்கி வெச்சுக்கிட்டுக் கிளம்பாம ஸ்டூல்லயே உட்கார்ந்திருந்தாங்க. என்ன சிஸ்டர்னு கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு.

லைன்ல சின்னப்பொண்ணுன்னு ஒரு பிள்ளை, தலைச்சோலைங்கற ஊர்க்காரி. ரெண்டு மாசக் கைக்குழந்தை வெச்சிருக்குது, பொம்பளைக் குழந்தை. பிரசவத்துக்கப்புறம் டைபாய்டு வந்து தாய்ப்பால் நின்னுபோச்சு, புட்டிப்பால்தான். கொஞ்ச நாளா குழந்தையோட உதடும் நகமும் நீலம் பாரிச்சுக்கிட்டே வருதாம். காய்ச்சல் இல்ல, சளி இல்ல. வாரத்துக்கு ஒருக்கா வர்ற டாக்டர் முந்தின நாள் பார்த்துட்டு, இருதயத்துல ஓட்டை இருக்கலாம்னு சேலம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்காரு. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போகணும். அது வரைக்கும் தாங்குமான்னு தெரியலீங்க மேடம்னு சிஸ்டர் சொன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. புட்டிப்பால், நீலம். இது ரெண்டோட கிணத்துத் தண்ணியும் சேர்ந்தா நமக்கு முதல்ல ஞாபகம் வர வேண்டியது நைட்ரேட். உரத்துலருந்தும் சாணிக்குழியிலருந்தும் தண்ணிக்குள்ள இறங்கறது. பெரியவங்க உடம்பு அதைச் சமாளிச்சுக்கும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தை வயித்துக்குள்ள போனா ரத்தத்தையே மாத்திரும். ரத்தம் ஓடும், ஆனா காத்தைச் சுமக்காது. நெஞ்சு நல்லா இருக்கும், மூச்சும் விடும், உள்ளுக்குள்ளயே குழந்தைக்கு மூச்சு முட்டும்.

எந்தத் தண்ணின்னு கேட்டேன். கிணத்துத் தண்ணிதானாம். மாட்டுக்கொட்டாய்க்குக் கீழ இருந்த பழைய கிணத்தைப் பொங்கலுக்கப்புறம் ஆழப்படுத்தி மோட்டார் போட்டிருக்காங்க. ஆனா டாக்டரும் இதேதான் கேட்டாராம். இவங்க ரிப்போர்ட்டைக் காட்டியிருக்காங்க. நைட்ரேட் ஒண்ணு புள்ளி ஆறு. டிஸ்பென்சரி சுவத்துல மாட்டியிருக்கிற குடிதண்ணி சார்ட்டுல நாப்பத்தஞ்சு வரைக்கும் போகலாம்னு போட்டிருக்குது. அதைப் பார்த்துட்டு, அப்ப தண்ணி இல்லம்மா, இருதயம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

பாருங்க, அந்த டாக்டர் கெட்டிக்காரர். சரியான கேள்வியைக் கேட்டிருக்காரு. ஒரு நல்ல நம்பர் அவரை வந்த வழியே திருப்பி அனுப்பிருச்சு.

அந்த நிமிசம் எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிசம் சந்தேகம் வந்திருச்சு. மாட்டுக்கொட்டாய்க்குக் கீழ இருக்கிற கிணத்துல ஒண்ணு புள்ளி ஆறா? காப்பிக்கு மூட்டை மூட்டையா யூரியா கொட்டற சரிவுல? யாரு டெஸ்ட் பண்ணுனாங்கன்னு கேட்டேன். எஸ்டேட்டுல ஒரு வழக்கம். வருசா வருசம் தோட்டத்து மண்ணைப் பை பையாக் கட்டி ஜீப்புல கீழ ஒரு விவசாய லேபுக்கு அனுப்புவாங்க. இந்தத் தடவை மண்ணோட சேர்த்து ஒரு பாட்டில் கிணத்துத் தண்ணியையும் அனுப்பிட்டாங்க. நம்ம லேப் மலைமேலயே இருக்குது, இருந்தாலும் போற ஜீப்புல போகட்டும்னு நினைச்சிருக்காங்க. அதுல யாரை என்னன்னு குத்தம் சொல்றது?

எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டேன். மேனேஜர் தோட்டத்துக்குள்ள போயிருக்காரு, பொழுது சாயத்தான் வருவாருன்னு ரைட்டர் சொன்னாரு. எஸ்டேட்டுல எழுத்து வேலை, டைப் அடிக்கிற வேலை எல்லாம் பார்க்கறவரு அவருதான். ரிப்போர்ட்டு ஒரிஜினல் மெட்ராசுல இருக்கிற கம்பெனி ஹெட் ஆபீசுக்குப் போயிருச்சாம். டிஸ்பென்சரிக்கு அவரு டைப் அடிச்சுக் குடுத்ததோட கார்பன் காப்பிதான் அவருகிட்ட இருக்குது. எந்த அலகுல போட்டிருந்தாங்கன்னு கேட்டேன். எப்பவும் வர்றதுதானுங்கன்னாரு. எப்பவும் வர்றதுன்னா என்னங்கன்னேன். எப்பவும் அதேதானுங்க அம்மணி வரும், அதனால அதை டைப் அடிக்கறதில்லீங்கன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரிசீவரைக் கடிச்சிருப்பேன். கீழ அந்த லேபுக்கு டிரங்க் கால் போட்டா, சனிக்கிழமை அரை நாள், மணி அடிச்சுக்கிட்டே கிடக்குது.

சரி, எல்லா நம்பரையும் படிங்கன்னு ரைட்டரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். கால்சியம் மூணு புள்ளி ரெண்டு, மக்னீசியம் ரெண்டு புள்ளி நாலு, சோடியம் ஒண்ணரை, பொட்டாசியம் புள்ளி மூணு. அந்தப் பக்கம் பைகார்பனேட் மூணு புள்ளி ஒன்பது, குளோரைடு ஒண்ணு புள்ளி மூணு, சல்பேட் புள்ளி ஆறு, நைட்ரேட் ஒண்ணு புள்ளி ஆறு. எல்லாமே பொடிப்பொடி நம்பர். இது கிணத்துத் தண்ணியா, ஓட்டுலருந்து பிடிச்ச மழைத்தண்ணியா?

சிஸ்டர் பக்கம் திரும்பி, அந்தத் தண்ணியைக் காய்ச்சினா ஏதாவது படியுதான்னு கேட்டேன். ஏன் மேடம் கேட்கறீங்க, குண்டான் அடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரிப் படியுது, சோப்பு நுரையவே மாட்டேங்குதுன்னு லைன் பூரா புலம்பல்னாங்க. கால்சியம் மூணு மில்லிகிராம் இருக்கிற தண்ணி எங்கயாச்சும் சுண்ணாம்பு படியுமா?

பேனாவை எடுத்துக் கூட்டினேன். கால்சியம் பக்கம் நாலும் சேர்ந்து ஏழு புள்ளி நாலு. நைட்ரேட் பக்கம் நாலும் சேர்ந்து ஏழு புள்ளி நாலு. மறுபடி கூட்டினேன், அதேதான். புரியுதா கண்ணுகளா? மில்லிகிராம்ல எழுதினா ரெண்டு பக்கமும் இப்படிச் சரிக்குச் சரி வந்து நிக்காது. எல்லாத்தையும் ஒரே புளிக்கணக்குக்கு மாத்தினாத்தான் நிக்கும், ஏன்னா கால்சியம் பக்கம் பிளஸ், நைட்ரேட் பக்கம் மைனஸ், தண்ணிக்குள்ள ரெண்டும் ஈடாத்தான் இருக்கும். அந்த விவசாய லேப்காரங்க அவங்க வழக்கப்படி மில்லி ஈக்விவலண்ட்ல எழுதியிருக்காங்க. மில்லிகிராமாக்க நைட்ரேட்டை அறுபத்திரெண்டால பெருக்கணும். பெருக்கினா நூறுக்கு ஒண்ணு கம்மி. போகக்கூடிய அளவு நாப்பத்தஞ்சு.

பால் கலக்கிற தண்ணியை எவ்வளவு நேரம் காய்ச்சறாங்கன்னு கேட்டேன். சிஸ்டர் கொஞ்சம் பெருமையாவே சொன்னாங்க, நான்தான் மேடம் சொல்லி வெச்சிருக்கேன், பாதியாச் சுண்டற வரைக்கும் காய்ச்சணும்னு. காய்ச்சினா கிருமி சாகும். நைட்ரேட் எங்கயும் போகாது. தண்ணி ஆவியாப் போயிரும், இது அப்படியே தங்கும். பாதியாச் சுண்டினா நூறு இருநூறு ஆயிரும். அந்த நர்ஸம்மா எவ்வளவுக்கெவ்வளவு கண்டிப்போ அவ்வளவுக்கவ்வளவு அந்தக் குழந்தைக்குக் கெடுதல். அதை அப்ப அவங்ககிட்டச் சொல்லல. சொன்னா அங்கயே உடைஞ்சு போயிருப்பாங்க, எனக்கு அவங்க திடமா இருக்கணும்.

இப்ப என் நிலைமையைப் பாருங்க. கையில தண்ணி இல்ல, டெஸ்ட் இல்ல. போன்ல கேட்ட எட்டு நம்பரும் ஒரு கூட்டலும்தான் இருக்குது. தண்ணியை வரவழைச்சு நானே நைட்ரேட் பார்க்கணும்னா மறுநாள் மத்தியானம் ஆகும். அந்தக் குழந்தை மூணு மணி நேரத்துக்கு ஒருக்காப் புட்டி குடிக்குது. நான் நினைக்கிறது தப்பாப் போனா? நிஜமாவே இருதயமா இருந்து, நான் போயிக் குட்டையைக் குழப்பி, அதனால ஏதாவது ஆயிருச்சுன்னா? ஒரு டாக்டர் பார்த்து எழுதினதை மாத்தச் சொல்றதுக்கு நான் யாரு?

அப்புறம் ஒண்ணு தோணுச்சு. நான் நினைக்கிறது தப்பா இருந்தா, தண்ணியை மாத்தறதுனால குழந்தைக்கு ஒரு நட்டமும் இல்ல. சரியா இருந்து நான் சும்மா இருந்தா, அடுத்த புட்டியே போதும். அவ்வளவுதான் கணக்கு. ரைட்டரைத் திருப்பிக் கூப்பிட்டு, உடனே லைனுக்கு ஆள் அனுப்புங்க, சின்னப்பொண்ணு குழந்தைக்குக் கிணத்துத் தண்ணியில பால் கலக்கக் கூடாது, வேற தண்ணி குடுங்கன்னேன். வேற தண்ணின்னா பங்களாவுக்கு வர்ற சுனைத்தண்ணி ஒண்ணுதானுங்க இருக்குது, அதை லைனுக்கு எடுக்கறதுன்னா மேனேஜர்கிட்டக் கேட்கணுமுங்கன்னு இழுத்தாரு. எஸ்டேட்டுல அதெல்லாம் எழுதாத சட்டம். பங்களாத் தண்ணி பங்களாவுக்குத்தான். மேனேஜர் கேட்டா கவர்மெண்டு லேபுலருந்து சொன்னாங்கன்னு சொல்லுங்க, என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன்னு அடிச்சுப் பேசினேன். பார்த்துக்கற அளவுக்கு எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. குரல்ல மட்டும் அதிகாரம் இருந்துச்சு.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. கடைத்தெருவுல மளிகைக்கடை காதர் பாய் நாகலூர்க் கடைகளுக்குத் தன் வேன்ல சாமான் ஏத்திக்கிட்டிருந்தாரு. குழந்தைன்னு சொன்னதுமே அரிசி மூட்டையை நகர்த்தி எங்க ரெண்டு பேருக்கும் இடம் பண்ணிக் குடுத்தாரு.

வேன்ல போறப்ப மனசுக்குள்ள மேனேஜரோட சண்டையே போட்டுட்டேன். கிணத்தை மூடுங்க சார், மோட்டாரை நிறுத்துங்க சார்னு. அவரு முடியாதுன்னு சொல்ல, நான் கத்த, ஒரே ரகளை. பாதி வழியிலதான் புத்தி வந்துச்சு. லைன்ல எண்பது குடும்பம். ஓடையில சொட்டுத் தண்ணி இல்ல. கிணத்தை மூடினா என்னத்தைக் குடிப்பாங்க? குட்டையில போயி மொண்டா வாந்திபேதி வரும், அதுல எத்தனை குழந்தை போகும்? பெரியவங்களுக்கு இந்தத் தண்ணி உசுருக்கு ஆபத்தில்ல. என் பயம் பெரிசுங்கறதுக்காகக் கேட்கிறதும் பெரிசா இருக்கணும்னு இல்ல. எனக்கு வேண்டியது ஒரு குடம் நல்ல தண்ணி, ஒரு ஜீப்பு. அது போதும்.

எங்க நல்ல நேரம், மேனேஜர் ஆபீசுக்கு வந்துட்டாரு. விவசாயம் படிச்சவரு, மரியாதையான மனுசன். ஆனா முகம் கடுகடுன்னு இருந்துச்சு, பங்களாத் தண்ணி விசயம் காதுக்குப் போயிருக்குது. கிணத்தை மூடச் சொல்லி வந்திருந்தீங்கன்னா முடியாதும்மான்னு எடுத்த எடுப்புலயே சொன்னாரு. மூட வேண்டாம் சார், இந்தப் பேப்பரை மட்டும் பாருங்கன்னு ரைட்டர் மேசையில இருந்த அந்த டைப் அடிச்ச தாளை எடுத்து நீட்டினேன். இது எந்த அலகு சார்னு கேட்டேன்.

"மில்லி ஈக்விவலண்ட்தான். எங்க லேப் எப்பவும் அப்படித்தானேம்மா குடுக்கும்."

நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கூட்டிப் பெருக்கிக் கண்டுபிடிச்சதை அந்த மனுசன் வெத்திலை போடற மாதிரி சாதாரணமாச் சொன்னாரு. அவருக்கு அது எப்பவுமே தெரியும். நைட்ரேட் இவ்வளவு இருக்குதே, காப்பிக்கு உரம் மிச்சம்னு சந்தோசங்கூடப் பட்டாராம். குழந்தைக்கு அது விசம்னு அவருக்குத் தெரியாது. விசம்னு தெரிஞ்ச டாக்டருக்கு அலகு தெரியாது. ரெண்டு பேருக்கும் எஸ்டேட்டு ஒண்ணுதான்.

லிட்டருக்கு நூறு மில்லிகிராம் சார், நாப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேன். அவரு தாளைக் கையில வெச்சுக்கிட்டே வெளிய போயி டிரைவரைக் கூப்பிட்டாரு.

லைன்ல சின்னப்பொண்ணு குழந்தையை மடியில போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்துச்சு. குழந்தையைப் பார்த்தேன். நாவப்பழம் தின்ன வாய் மாதிரி இருந்துச்சு உதடு. அழக்கூட இல்ல, கண்ணு சொக்கிக் கிடந்துச்சு. பக்கத்து ஊட்டுக்காரம்மா பாப்பாத்தி பங்களாத் தண்ணியில கலந்த பாலை வெச்சுக்கிட்டு எப்படியாச்சும் ஒரு வாய் குடிக்க வெக்கணும்னு பார்க்கறாங்க, உறிஞ்சறதுக்குக் குழந்தைக்குத் தெம்பில்ல. சின்னப்பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டும் எந்திரிக்க முடியாம இருந்ததுல, அந்தக் குழந்தைக்குத் தண்ணி தூக்கறது, காய்ச்சறது, பால் கலக்கறது எல்லாம் பாப்பாத்திதான்னு சிஸ்டர் சொன்னாங்க. நான் கேட்காமலே குண்டானைக் கவுத்துக் காட்டினாங்க. தேச்சுத் தேச்சு வெச்சும் அடியில வெள்ளை.

சேலத்துக்குப் போற ஜீப்புல நான், சிஸ்டர், தாயும் பிள்ளையும். அந்த மலை ரோட்டுல ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் சிஸ்டர் குழந்தை மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்ப்பாங்க, நான் சிஸ்டர் முகத்தைப் பார்ப்பேன். அவங்க தலையை ஆட்டினா எனக்கு மூச்சு வரும். சின்னப்பொண்ணு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு, ஏனுங்க அம்மணி, இருதயத்துல ஓட்டைன்னாங்களே, அடைச்சிருவாங்களான்னு. ஓட்டை இல்லம்மா, தண்ணின்னு சொன்னேன். வாய்தான் சொல்லுச்சு. உள்ளுக்குள்ள, கடவுளே நான் சொன்னது நிஜமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். சீட்டைப் பார்த்துட்டு இருதயத்துக்குன்னு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சாரு. நான் குறுக்கப் போயி, கிணத்துத் தண்ணியில நைட்ரேட் நூறு, காய்ச்சினதுல இன்னும் அதிகம், புட்டிப்பால் குழந்தைன்னு மூச்சு விடாமச் சொன்னேன். நீங்க யாருன்னாரு. கெமிஸ்ட்டுன்னேன். அப்புறம் குழந்தைகிட்டருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் தாள்ல விட்டாரு. பக்கத்துலயே தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு விட்டாரு. அவரோடது செக்கச்செவேல்னு இருந்துச்சு. குழந்தையோடது காப்பிக்கொட்டை நிறம். தாளை விசிறிப் பார்த்தாரு. இருதயக் கோளாறா இருந்தா காத்துப் பட்டதும் சிவந்திருக்கும், இது நிறம் மாறல. மெத்திலீன் புளூ எடுங்கன்னு உள்ள இருந்த ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குரல் குடுத்தாரு, நைட்ரேட் கெடுத்த ரத்தத்தைச் சரி பண்ற நீல மருந்து அது.

ஊசி போட்டப்புறம் நாங்க மூணு பொம்பளைங்களும் அந்த உதட்டையே பார்த்துக்கிட்டு நின்னோம். என்னைக் கேட்டா என் வாழ்க்கையில அதை விட நீளமான நேரம் கிடையாது. ஓரத்துல லேசா சிவப்பு வந்துச்சு. எனக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு சிஸ்டரைப் பார்த்தேன், அவங்க முந்தானையை வாயில வெச்சு அழுதுக்கிட்டிருந்தாங்க. குழந்தை கண்ணைத் திறந்து வீல்னு கத்துச்சு, பசி. அந்தக் கத்தலைக் கேட்டு வார்டே திரும்பிப் பார்த்துச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் உங்க முன்னாடி ஜம்முனு உட்கார்ந்து பெருமை அடிச்சுக்கிட்டிருப்பேன்.

மறுநாள் எஸ்டேட்டுக்குப் போனேன். முறைப்படி சேம்பிள் எடுக்கணும். அதுக்குள்ள மேனேஜர் பங்களாக் குழாயிலருந்து லைனுக்கு ஒரு இணைப்பு இழுக்கச் சொல்லிட்டாரு, கைக்குழந்தைங்களுக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும். நல்ல மனுசன். கிணத்தடியில பாப்பாத்தி தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க, குழந்தை எப்படி இருக்குதுங்கன்னு கேட்டாங்க. நல்லா இருக்குது, ரெண்டு நாள்ல வந்துரும்னேன். என் பாட்டிலை வாங்கி அவங்களே கழுவி, அவங்களே பிடிச்சுக் குடுத்தாங்க. மூடியைத் திருகிக்கிட்டே மெதுவாக் கேட்டாங்க.

"ஏனுங்க அம்மணி, என்ற பையனும் பங்குனியில நீலம் பாரிச்சுத்தானுங்க போனான். அவனுக்கும் இந்தத் தண்ணி தானுங்களா?"

சிஸ்டர் என்கிட்ட அதைச் சொல்லியிருக்கல. மூணு மாசக் குழந்தை. அப்ப டாக்டர் வர்றதுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சாம், இருதயம்னு யாரோ சொல்லி அதோட விட்டுட்டாங்க. ஆமான்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இல்லைன்னு சொல்றதுக்கும் கிடையாது. புட்டிப்பாலான்னு மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினாங்க.

"நானும் சிஸ்டர் சொன்ன மாதிரி நல்லாக் காய்ச்சித்தானுங்க குடுத்தேன். மத்தவங்க மாதிரி அரைகுறையா இல்லீங்க, சுண்டச் சுண்டக் காய்ச்சுவேன்."

இருக்கலாம்மா, இதுவா இருக்கலாம்னு சொன்னேன். நீங்க பண்ணுனதுல தப்பில்ல, யாருக்கும் தெரியலன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. அழல, திட்டல. அவங்க திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். குடத்தை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு, பெரியவங்க குடிக்கலாமுங்களான்னு கேட்டாங்க.

குடிக்கலாம்னு சொன்னேன். அதுதான் சரியான பதில், இன்னைக்கு நீங்க கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அந்தம்மா ஒரு நிமிசம் குடத்துக்குள்ள பார்த்தாங்க. பெரியவங்களுக்குக் குடிக்க வேற தண்ணி இல்ல. தூக்கிக்கிட்டு ஊட்டுக்குப் போனாங்க.